நட்சத்திரம் போட்டால் தடிக்குமா?

கேள்வி: எங்கள் ஊர் வரலாற்றை விக்கியாக்கும் வேலையில் இறங்கியிருக்கிறோம். எல்லாம் வேர்டில் தயார். அப்படியே காப்பி எடுத்து ஒட்டினால் ஆகாதா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சிவகங்கை

பதில்: ஆகும் சார். எழுத்து வந்து சேரும். எழுத்தோடு கிளம்பிய மற்றவை பாதி வழியிலேயே இறங்கிக்கொள்ளும். தலைப்பு, பட்டியல், அட்டவணை, அடிக்குறிப்பு எல்லாவற்றையும் வேர்ட் தன் வயிற்றுக்குள் வேறு விதமாக வைத்திருக்கிறது. விக்கி அவற்றைக் குறி போட்டு எழுதச் சொல்கிறது. விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கியில் தடித்த எழுத்துக்கு இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள், தலைப்புக்கு இருபுறமும் சமக்குறி.

கையால் போட்டால் கை போய்விடும். பாண்டாக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மெக்ஃபார்லேன் எழுதியது, 2006-இல் வெளிவந்தது. வேர்ட் கோப்பைக் கொடுத்து, மீடியாவிக்கி வடிவம் வேண்டும் என்று ஒரு வரிக் கட்டளை போட்டால் போதும். படங்களைத் தனிக் கோப்புறையில் பிரித்துக் கொடு என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் படத்தின் பெயர் மட்டும் வரும், படம் வராது.

கேள்வி: தத்துவப் பேராசிரியருக்கு எதற்கய்யா இந்த வேலை?
– கோவை வாசகர்

பதில்: அது செயல்படும் விதத்தைப் பார்த்தால் அவருக்குப் பொருத்தமான வேலைதான் என்று தோன்றும். பாண்டாக் ஒரு குறியை எடுத்து நேராக இன்னொரு குறியாக மாற்றுவதில்லை. முதலில் ஆவணத்தைப் படித்து, ‘இது இரண்டாம் நிலைத் தலைப்பு, இது பத்தி, அதில் இந்தச் சொல்லுக்கு அழுத்தம்’ என்று குறிகளே இல்லாத ஒரு மரமாக்கிக்கொள்கிறது. பிறகு அந்த மரத்தைக் கேட்ட வடிவில் எழுதித் தருகிறது. நாற்பது வடிவங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் தனி மாற்றி எழுதினால் 1,560 வேண்டும். நடுவில் மரத்தை நட்டுவிட்டால் படிக்க நாற்பது, எழுத நாற்பது, ஆக எண்பதோடு வேலை முடிந்தது.

ஆனால் அந்த மரத்தில் தொங்க இடமில்லாதது எதுவும் மறுகரை சேராது. எழுத்துருவின் பெயர், எழுத்தின் அளவு, நிறம் எல்லாம் அந்த வகை. இதை நினைவில் வையுங்கள்; இந்த வாரக் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில்.

கேள்வி: பாண்டாக் போட்டுப் பார்த்தேன். அத்தியாயத் தலைப்பில் ஒன்றுகூடத் தலைப்பாக வரவில்லை. மென்பொருளில் கோளாறா?
– பதிப்பக ஊழியர், சிவகாசி

பதில்: நீங்கள் தலைப்பு வைக்கவே இல்லையே! எழுத்தைப் பெரிதாக்கி, தடிப்பாக்கி, நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள். பார்ப்பவருக்கு அது தலைப்பு. வேர்டுக்கு அது சதை போட்ட பத்தி. அளவும் நடுநிலையும் மரத்தில் ஏறாது. தடிப்பு மட்டும் ஏறும். அதனால்தான் உங்கள் ‘முதல் அத்தியாயம்’ வெறும் தடித்த வரியாக வந்து நிற்கிறது.

வேர்டில் ‘ஸ்டைல்ஸ்’ என்று ஒரு பகுதி, அதில் ‘ஹெடிங் 1’, ‘ஹெடிங் 2’ என்று வரிசை. பலர் அதை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். ஆவணத்தின் எலும்புக்கூடே அதுதான். ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, அதே வடிவமைப்புள்ள மற்ற எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும்படி வேர்டையே கேளுங்கள். மொத்தத்துக்கும் ‘ஹெடிங் 1’ கொடுத்துவிட்டு மறுபடி பாண்டாக்கை ஓட்டுங்கள். தட்டச்சு செய்தவர் ஒரு தலைப்புக்கு 16, இன்னொன்றுக்கு 15.5, மற்றொன்றுக்கு மனம்போன அளவு என்று வைத்திருந்தால் உங்கள் பாடு. ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நேராக்கிய நன்கொடையாளர் பட்டியலுக்கும் இதே கதிதான். அது அட்டவணை இல்லை, அட்டவணை வேஷம்.

கேள்வி: கோயில் மலர், பாடசாலை மலர் எண்டு எங்களிட்ட இருக்கிறதெல்லாம் பாமினியில் அடிச்சது. மாத்தினால் ஒரே ஆங்கில எழுத்தாய் வருது ஐயா. என்ன செய்யிறது?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: உங்கள் மலர்களில் தமிழே இல்லை, தமிழ் முகமூடி போட்ட ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய ஏற்பாடு அது. கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. பாமினி எழுத்துரு அதற்குத் தமிழ் வடிவத்தை மாட்டிவிடுகிறது. பாண்டாக் எழுத்துருவின் பெயரைத் தூக்கி எறிந்ததும் முகமூடி கழன்றது.

இதில் வரிசைதான் உயிர்நாடி. முதலில் குறியேற்றத்தை மாற்ற வேண்டும், அதன் பிறகே விக்கிக் குறிகள். வேர்டுக்குள் இருக்கும்போது, எந்தச் சொல் பாமினி, எந்தச் சொல் உண்மையான ஆங்கிலம் என்று எழுத்துருவின் பெயர் சொல்லும். பாண்டாக்கைத் தாண்டிவிட்டால் இரண்டும் ஒன்று. அதற்குப்பின் பாமினி மாற்றியை ஓட்டினால், நடுவே ஆங்கிலத்தில் இருந்த வெள்ளைக்கார அதிபரின் பெயரும் தமிழெழுத்துகளாகி, எந்த மொழியிலும் இல்லாத ஒருவர் உங்கள் பாடசாலையை நிறுவியிருப்பார்.

இன்னொரு வேடிக்கை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். ஜகரம் திறக்கும் சதுர அடைப்பில், ஸகரம் மூடும் சதுர அடைப்பில். விக்கியிலோ சதுர அடைப்பு என்றால் இணைப்பு. மாற்றாமல் விக்கியில் ஏற்றினால் ஒவ்வொரு ராஜாவும் ஓர் அடைப்பைத் திறப்பார், அடுத்த பஸ் வந்து மூடும்.

மாற்றிய பிறகு ஒகர, ஔகாரங்களைச் சோதியுங்கள். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முதலில், எழுத்து நடுவில், கால் கடைசியில். ஒருங்குறியில் எழுத்து முதலில், உயிர்க்குறி பின்னால். மட்டமான மாற்றி ‘கொ’வில் கொம்பையும் காலையும் தனித்தனி உயிர்க்குறியாகவே விட்டுவிடும். திரையில் வித்தியாசம் தெரியாது. மீடியாவிக்கி சேமிக்கும்போது இரண்டையும் இணைத்து ஒன்றாக்கிக்கொள்ளும், ஆனால் உங்கள் கணினியில் இருக்கும் கோப்புப் பெயர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மோசமானது ஔகாரம். கடைசிக் குறிக்குப் பதில் ளகர எழுத்தையே போட்டு ‘கௌரவ’த்தை ‘கெளரவ’மாக்கிவிடுவார்கள். இதை மீடியாவிக்கியாலும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் ஒருங்குறியின் கணக்கில் அவை வேறு வேறு எழுத்துகள். தேடி மாற்றுவது உங்கள் பொறுப்பு. ‘தெளிவு’, ‘வெளியே’ என்று நியாயமான ‘ெள’க்களும் உண்டு; ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானில் கை வைத்துவிடாதீர்கள்.

ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டும் நூலகம் தளம் மீடியாவிக்கியில்தான் ஓடுகிறது. உங்கள் மலர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பாதி வேலை மிச்சமாகலாம்.

கேள்வி: ஸ்ரீரங்கம் பற்றிப் பக்கம் எழுதியிருக்கிறோம். கண்ணால் பார்க்கிறேன், இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது!
– வாசகி, திருச்சி

பதில்: கணினிக்குள் இரண்டு ஸ்ரீ உண்டு. ஒன்று ஸகரத்தில் தொடங்கும். இன்னொன்று ‘ஶ’ என்ற எழுத்தில் தொடங்கும். அது 2005-இல்தான் ஒருங்குறிக்குள் வந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். பக்கம் எழுதியவரின் விசைப்பலகை ஒன்றைப் போட்டது, உங்களுடையது மற்றதைத் தேடியது. ஒன்றை முடிவு செய்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள்; மற்றதற்கு ஒரு வழிமாற்றுப் பக்கம் வையுங்கள். பெருமாள் ஒருவர்தான், பைட்டுகள்தான் வேறு.

கேள்வி: மார்க்டவுனில் எழுதிய கூட்டக் குறிப்புகளை எங்கள் மீடியாவிக்கியில் ஒட்டினேன். தலைப்புகள் எல்லாம் 1, 1, 1 என்று வந்துவிட்டன. எல்லாத் தலைப்புக்கும் முதல் பரிசா?
– நூலகர், ஈரோடு

பதில்: மார்க்டவுன் என்ற குறிமுறையில் வரித் தொடக்கத்தில் # போட்டால் தலைப்பு. மீடியாவிக்கியில் அதே # எண்ணிட்ட பட்டியல். ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்தி வருவதால் எண் மறுபடி மறுபடி ஒன்றிலிருந்து பிறக்கிறது. எதிர்த்திசையில் போயிருந்தால் இன்னும் தமாஷ். அன்னதானச் சாமான் பட்டியலில் துவரம் பருப்பு முதல் நிலைத் தலைப்பாக நின்றிருக்கும்.

டோக்குவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருளை வைத்திருப்பவர்களின் நிலை இதைவிடப் பரிதாபம். அங்கே ஆறு சமக்குறி போட்டால் மிகப் பெரிய தலைப்பு. மீடியாவிக்கியில் ஆறு போட்டால் மிகச் சிறியது. ஒட்டிய மாத்திரத்தில் மாவட்டம் கிராமத்துக்குக் கீழே போய்விடும். இரட்டை ஒற்றை மேற்கோள் மீடியாவிக்கியில் சாய்வெழுத்து, டோக்குவிக்கியில் தட்டச்சு எழுத்து. ஒரே குறி வேறு பொருளில் வருவதுதான் இந்த வேலையில் ஆபத்து. தெரியாத குறி என்றால் அப்படியே பல்லிளித்து நிற்கும், கண்டுபிடித்துவிடலாம். தெரிந்த குறி தவறான வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போகும்.

இதில் வேர்டின் உபகாரம் வேறு. விக்கிக் குறிகளை வேர்டில் அடித்து வைத்தால் நேர் மேற்கோளை அது தானாகவே வளைத்து அழகுபடுத்தும். வளைந்த மேற்கோள் மீடியாவிக்கிக்கு வெறும் மேற்கோள்தான், குறி அல்ல. நோட்பேடில் எழுதுங்கள்.

கேள்வி: எல்லோரும் உட்கார்ந்து ஒரே குறியை முடிவு செய்யக் கூடாதா?
– சென்னை வாசகர்

பதில்: உட்கார்ந்தார்கள். 2007-இல் விக்கிக்ரியோல் என்று ஒரு பொதுக் குறித்தொகுப்பு வந்தது. சில விக்கிகள் ஏற்றன. மீடியாவிக்கி தன் வழியிலேயே போயிற்று. ஜான் கிரூபர் 2004-இல் வெளியிட்ட மார்க்டவுனை ஆளுக்கொரு விதமாக வளைத்தபின், அதை ஒழுங்குபடுத்த 2014-இல் சிலர் கிளம்பினார்கள்; நம் மெக்ஃபார்லேனும் அதில் உண்டு. ‘ஸ்டாண்டர்ட் மார்க்டவுன்’ என்று பெயர் வைத்தார்கள். கிரூபர் ஆட்சேபித்தார். பெயர் ‘காமன்மார்க்’ ஆயிற்று. குறிகளில் சண்டை வரும் என்று பார்த்தால் தலைப்பிலேயே வந்துவிட்டது.

கேள்வி: மார்க்டவுனில் இருபுறமும் இரண்டு நட்சத்திரம் போட்டால் எழுத்து தடிக்கும் என்றார்கள். சில இடத்தில் தடிக்கிறது, சில இடத்தில் நட்சத்திரமே பக்கத்தில் மின்னுகிறது. நட்சத்திரம் போட்டால் தடிக்குமா, தடிக்காதா?
– இதழியல் மாணவி, மதுரை

பதில்: நல்ல கேள்வி. தடிக்காத இடங்களைப் பாருங்கள். “சிலப்பதிகாரம்”இல் என்பதில் மேற்கோளுக்கு வெளியே இருபுறமும் நட்சத்திரம் போட்டிருப்பீர்கள். காமன்மார்க் விதிப்படி, மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறி இருந்தால், பின்னால் இடைவெளியோ இன்னொரு நிறுத்தக்குறியோ வர வேண்டும். உங்களுக்கு முன்னால் மேற்கோள், பின்னால் ‘இ’. ஆகவே அது மூடும் நட்சத்திரமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் சொல்லுக்குப்பின் பெரும்பாலும் இடைவெளி வந்துவிடுவதால் அவர்கள் இதில் இடறுவது குறைவு. நமக்கோ ஐ, இல், உடன் எல்லாம் சொல்லின் முதுகில் ஏறிக்கொள்கின்றன.

நட்சத்திரத்தைச் சொல்லோடு ஒட்டி வைத்து, மேற்கோளை அதற்கு வெளியே தள்ளுங்கள். தடிக்கும். மேற்கோளே இல்லாமல் சொல்லோடு ஒட்டி நட்சத்திரம் வந்தாலும் தடிக்கும். நட்சத்திரத்துக்குப் பதில் அடிக்கோடு போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். சொல்லின் நடுவே அடிக்கோட்டை அது குறியாகவே மதிப்பதில்லை, வேற்றுமை உருபு ஒட்டிய எல்லா இடத்திலும் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: தமிழ் விக்கிப்பீடியாவில் [[மதுரை]]யில் என்று எழுதினால் ‘மதுரையில்’ முழுவதும் இணைப்பாகிறது. எங்கள் சங்க விக்கியில் ‘மதுரை’ மட்டும் நீலம், ‘யில்’ கறுப்பு. அதே மென்பொருள்தானே?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: அதே மென்பொருள், ஆனால் நிறுவும்போது தள மொழியை ஆங்கிலம் என்று விட்டுவிட்டீர்கள். அடைப்புக்குப் பின் ஒட்டி வரும் எழுத்துகளை இணைப்போடு சேர்ப்பதற்கு மீடியாவிக்கியில் மொழிக்கு மொழி விதி உண்டு. ஆங்கில அமைப்பு ஆங்கில எழுத்தை மட்டும் சேர்க்கும், தமிழ் அமைப்பு தமிழ் எழுத்தைச் சேர்க்கும். அமைப்புக் கோப்பில் மொழியைத் தமிழாக்குங்கள். ‘மரத்தில்’ போன்றவற்றுக்கு இது உதவாது. [[மரம்|மரத்தில்]] என்று முழுதாகத்தான் எழுத வேண்டும். சந்தி இலக்கணத்தை எந்த விக்கியும் இன்னும் படிக்கவில்லை.

தமிழ் அமைப்பில் ‘படிமம்:’, ‘பகுப்பு:’, ‘வார்ப்புரு:’ என்ற முன்னொட்டுகளும் வரும். மாற்றிகள் பலவற்றுக்கு அவற்றின் ஆங்கிலப் பெயர்தான் தெரியும். மீடியாவிக்கி இரண்டையும் ஏற்பதால், மாற்றியில் போடுவதற்குமுன் ஆங்கிலப் பெயராக்கிவிடுவது நல்லது.

கேள்வி: முதல் விக்கி வந்த அன்றே தமிழிலும் தொடங்கியிருக்கலாமே?
– கும்பகோணம் வாசகர்

பதில்: இணைப்பே போட முடியாது. 1995 மார்ச் 25 அன்று வார்ட் கன்னிங்ஹாம் திறந்த முதல் விக்கியில், பெரிய எழுத்தில் தொடங்கும் இரண்டு சொற்களை இடைவெளியில்லாமல் ஒட்டினால் அதுதான் இணைப்பு. நம்மிடம் பெரிய எழுத்து ஏது? 2001-இல் விக்கிப்பீடியாவும் அந்த முறையில்தான் தொடங்கியது; அதே ஆண்டில் சதுர அடைப்பு வந்து நம்மைக் காப்பாற்றியது. தமிழ் விக்கிப்பீடியா 2003-இல்.

கேள்வி: ஊர்க் கும்மிப் பாட்டுகளைச் சேர்த்தேன். சில பாட்டுகள் சாம்பல் பெட்டிக்குள் தட்டச்சு எழுத்தில் வருகின்றன. மார்க்டவுனில் போட்டால் நாலு வரியும் ஒரே வரியாகிறது.
– நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர், பாளையங்கோட்டை

பதில்: மீடியாவிக்கியில் வரித் தொடக்கத்தில் ஓர் இடைவெளி இருந்தாலே ‘அப்படியே காட்டு’ என்று பொருள். அழகுக்காகப் பாட்டை உள்தள்ளினீர்கள், அது பெட்டி கட்டிவிட்டது. பாட்டுக்கென்றே ‘போயம்’ என்ற குறிச்சொல் கிடைக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் அதைப் போட்டால் வரி உடையும், பெட்டி வராது. மார்க்டவுனில் வெறும் வரிமுறிவு இடைவெளிதான். வரிக் கடைசியில் இரண்டு ஸ்பேஸ் வேண்டும், அல்லது ஒரு பின்சாய்கோடு. நான்கு ஸ்பேஸ் உள்தள்ளினால் அங்கேயும் பெட்டிதான். கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸை நம்பிப் பாட்டை ஒப்படைப்பது எனக்கு உவப்பில்லை, பின்சாய்கோட்டையே சொல்வேன்.

கூடவே ஒன்று. ‘1967. அந்த ஆண்டு’ என்று ஒரு பத்தி தொடங்கினால் மார்க்டவுன் அதைப் பட்டியலின் ஓர் உருப்படி என்று எடுத்துக்கொள்ளும். பழைய மார்க்டவுனில் அது ‘1.’ என்றே அச்சாகும். ஊர் வரலாற்றுக்காரர்கள் ஜாக்கிரதை.

கேள்வி: தேடி மாற்ற பைத்தானில் நிரல் எழுதினேன். ‘தமிழ்’ என்ற சொல்லை ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக வெட்டுகிறது!
– பொறியியல் மாணவர், சேலம்

பதில்: பைத்தானோடு வரும் தேடல் தொகுதி, சொல்லெழுத்து என்றால் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் என்று நினைக்கிறது. ஒருங்குறியில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை, ‘ஒட்டுக்குறி’ வகை. ஆகவே கொக்கியிலும் புள்ளியிலும் கத்தி விழுகிறது. ‘ரீஜெக்ஸ்’ என்ற வெளித் தொகுதியை நிறுவிக்கொள்ளுங்கள், அது ஒட்டுக்குறியையும் சேர்த்துப் பார்க்கும்.

கேள்வி: விக்கிப்பீடியாவில் எங்கள் வட்டாரக் கட்டுரைகளை எடுத்து மார்க்டவுனாக்கினேன். வலப்பக்கத் தகவற்பெட்டி மாயம். எடுத்துப் போடுவது சரிதானா என்பதையும் சொல்லுங்கள்.
– வாசகர், தென்காசி

பதில்: தகவற்பெட்டி அந்தப் பக்கத்தில் இல்லவே இல்லை. இரட்டை நெளி அடைப்புக்குள் இருந்தது வார்ப்புருவுக்கான அழைப்பு மட்டும். பெட்டியை வரைந்தது வேறொரு பக்கம், அதற்குப் பின்னால் இன்னும் சில பக்கங்கள். பாண்டாக் அவற்றைத் தேடிப் போகாது. வார்ப்புருக்களை விரித்துக் காட்டும் சிறப்புப் பக்கம் மீடியாவிக்கியிலேயே இருக்கிறது. ஆனால் விரித்தபின் கிடைப்பது அட்டவணைக் காடு. கட்டங்களை இணைத்த அட்டவணையை மார்க்டவுனால் தாங்க முடியாது. பேசாமல் மக்கள்தொகை, அஞ்சல் குறியீடு போன்ற ஐந்தாறு விவரங்களைக் கையால் எழுதிவிடுங்கள்.

எடுத்துப் போடலாம். விக்கிப்பீடியாவின் எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், 2023 முதல் 4.0 பதிப்பில் இருக்கிறது. எழுதியவர்களை உரிய முறையில் குறிப்பிட வேண்டும், உங்கள் பக்கத்தையும் அதே உரிமத்தில் வைக்க வேண்டும். எழுதியவர்கள் யார் என்பது கட்டுரையில் இல்லை, வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது. மார்க்டவுனாக்கும்போது முதலில் உதிர்வது அதுதான். மூலப் பக்கத்தின் இணைப்பை ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் போடுங்கள். படங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம், தனித்தனியாகப் பாருங்கள்.

கேள்வி: பக்கத் தலைப்பு மிக நீளம் என்று டோக்குவிக்கி மறுக்கிறது. இத்தனைக்கும் நாலே சொல்!
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். மீடியாவிக்கியில் தலைப்புக்கு எல்லை 255 பைட், ஆக 85 குறிகள், தாராளம். டோக்குவிக்கி பக்கத்தைக் கோப்பாகச் சேமிக்கிறது. அதன் இயல்பான அமைப்பில் கோப்புப் பெயரின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளாக ஒன்பது இடம் பிடிக்கும். லினக்ஸில் கோப்புப் பெயர் எல்லையும் 255 பைட்தான். கணக்குப் போட்டால் இருபத்தெட்டுக் குறிக்கு மேல் தேறாது. ‘ஸ்ரீலஸ்ரீ’ மட்டுமே ஒன்பது குறி. ஆதீனத்தின் பெயர் தொடங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்கு காலி. அமைப்பில் கோப்புப் பெயரை யூடிஎஃப்-8 ஆக்குங்கள். தளம் காலியாக இருக்கும்போதே செய்துவிடுங்கள், பக்கங்கள் ஏறியபின் மாற்றினால் பழைய கோப்புகளை அதற்கு அடையாளம் தெரியாது.

கேள்வி: பிடிஎஃப்பை விக்கியாக்க முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: வடையிலிருந்து உளுந்தைப் பொறுக்குகிற வேலை. பாண்டாக் பிடிஎஃப்பை உருவாக்கும், படிக்காது. தமிழ் பிடிஎஃப்பில் காப்பி எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். அச்சகத்தில் மூலக் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கங்களைப் படமாக்கி எழுத்துணரி மென்பொருளில் போட்டு, மெய்ப்புப் பார்ப்பது ஒன்றே வழி.

கேள்வி: இவ்வளவு எதற்கு? செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் மாற்றித் தராதா?
– பெங்களூர் வாசகர்

பதில்: தரும், அழகாகவே தரும். பயமே அதுதான். பாண்டாக் தவறினால் எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி தவறும். ஒன்றைக் கண்டால் மற்றதைப் பிடிக்கலாம். அந்த நுண்ணறிவு ஒரு பக்கத்தில் ‘ஒசக்க’ என்ற வட்டாரச் சொல்லை ‘உயரத்தில்’ என்று திருத்தும், இன்னொரு பக்கத்தில் விட்டுவைக்கும். நீண்ட நன்கொடையாளர் பட்டியலில் இரண்டு பேரைச் சத்தமில்லாமல் விட்டுவிடலாம். விடுபட்டவர் குடும்பம் ஊரில்தான் இருக்கும். மாற்றும் வேலையைப் பாண்டாக்கிடம் கொடுங்கள். பாண்டாக்குக்கான கட்டளையை எழுதித் தரும்படி வேண்டுமானால் இதனிடம் கேளுங்கள்.

கேள்வி: எல்லாம் மாற்றி ஏற்றியாயிற்று. பழைய வேர்ட் கோப்புகளை அழித்துவிடலாமா?
– அதே தலைமையாசிரியர், சிவகங்கை

பதில்: அதற்குள் முடித்துவிட்டீர்களா! அடிக்குறிப்புகளை எண்ணிப் பார்த்தீர்களா சார்?